கம்ப்யூட்டர் கேள்வி நேரம்: இலவச ஆன்டிவைரஸ் போட்டே ஆகணுமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைரஸ் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். குன்னூரில் என் சர்வீஸ் கடைக்கு வந்து கேட்பவர்களுக்கு என்ன சொல்வேனோ, அதையேதான் இங்கேயும் எழுதியிருக்கிறேன். கடையில் சொல்லும்போது கொஞ்சம் கோபமும் சேர்ந்து வரும், அதை மட்டும் குறைத்திருக்கிறேன்.

கேள்வி: மேடம், நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீடு கோத்தகிரியில். என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. வாங்கும்போதே கூட வந்த ஆன்டிவைரஸின் ட்ரயல் முடிந்துவிட்டது. ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது’ என்று தினமும் சிவப்புப் பெட்டி ஒன்று வந்து நிற்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரர் இலவச ஆன்டிவைரஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் பையன், ‘எதுவும் வேண்டாம்மா, எல்லாத்தையும் எடுத்துடு’ என்கிறான். பேங்க், பென்ஷன் விவரம், பேரக்குழந்தைகளோடு வீடியோ கால், இவ்வளவுதான் என் உபயோகம். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பையன் சொல்வதைக் கேளுங்கள் டீச்சர். ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ‘எதுவும் வேண்டாம்’ என்றால் ஆன்டிவைரஸே வேண்டாம் என்று பொருள் இல்லை. உங்கள் லேப்டாப்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் என்று பெயர். விண்டோஸோடு சேர்ந்தே வருவது, தனியாகக் காசு கிடையாது, காலாவதி தேதியும் கிடையாது. வேறு கம்பெனியின் ஆன்டிவைரஸ் ஒன்று உள்ளே வந்தால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதை எடுத்தால் தானாகத் திரும்பி வரும். இப்போது உங்கள் வீட்டில் நடப்பது என்னவென்றால், காலாவதியான ட்ரயல் இடத்தைக் காலி செய்யாமல் உட்கார்ந்துகொண்டு உங்களை மிரட்டுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குப் போய் அந்த ட்ரயலை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். போகும்போது அது ‘50 சதவீதத் தள்ளுபடி தருகிறோம், நிஜமாகவே போகட்டுமா?’ என்று ஏதாவது கேட்கும். போகட்டும். அப்புறம் ஒரு முறை ரீஸ்டார்ட். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்தால் கேடயம் போட்ட ஒரு பக்கம் வரும். ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’ என்பதற்குப் பக்கத்தில் பச்சை டிக் இருந்தால் முடிந்தது. மஞ்சளோ சிவப்போ இருந்தால், அங்கேயே ‘டர்ன் ஆன்’ பட்டன் இருக்கும்.

‘டிக் இருக்கிறது, ஆனால் நிஜமாகவே வேலை செய்கிறதா?’ என்று கேட்பவர்களுக்குக் கடையில் ஒன்றைக் காட்டுவேன். ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. மொத்தமே 68 எழுத்து. எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் உலகத்திலுள்ள ஆன்டிவைரஸ் எல்லாம் அதைக் கண்டால் வைரஸ் என்று கத்த வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. நோட்பேடில் அந்த வரியை ஒட்டி சேவ் கொடுத்தால், டெஸ்க்டாப்பில் கோப்பு எட்டிப் பார்த்த வேகத்திலேயே காணாமல் போகும். திரையின் வலது மூலையில் அறிவிப்பு வரும். பார்த்துக்கொண்டிருப்பவர் முகத்தில் வரும் நிம்மதியை, எந்தப் பச்சை டிக்கும் தந்ததில்லை.

கடைக்காரரும் உங்களை ஏமாற்றவில்லை. அவர் சொல்வது பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக்குச் சரியான பேச்சு. அப்போது விண்டோஸில் ஆன்டிவைரஸ் என்று உள்ளே எதுவும் கிடையாது. பென் டிரைவைச் செருகினாலே அதில் இருப்பது தானாக ஓடும். 2008 கடைசியில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் அந்த வழியிலும் பரவியது. மைக்ரோசாஃப்ட் தன் இலவச ஆன்டிவைரஸைத் தனியாக வெளியிட்டது 2009 செப்டம்பரில். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அது டிஃபென்டர் என்ற பெயரில் உள்ளேயே வைத்து வந்தது. ஆரம்பத்தில் சோதனைக் கூடங்களில் அதற்கு நல்ல மார்க் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் மாக்டபுர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், இந்த இரண்டு கூடங்களின் சோதனைகளிலும் காசு கொடுத்து வாங்குகிற ஆன்டிவைரஸ்களோடு ஒரே வரிசையில் அது நிற்கிறது.

ஒரு குறை இருக்கிறது, அது நம் மலைக்கு முக்கியம். டிஃபென்டர் பாதி வேலையை இணையம் வழியாகச் செய்கிறது. சந்தேகமான கோப்பைப் பார்த்ததும் மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். நெட் இல்லாதபோது அதன் பிடி தளர்ந்துவிடும், சோதனைகளிலும் இது தெரிகிறது. ஜூன், ஜூலையில் மரம் விழுந்து கேபிளும் கரண்டும் சேர்ந்து போகிற நாட்கள் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் அடுத்த வீட்டுப் பென் டிரைவை வாங்கிச் செருகாதீர்கள். நெட் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, டிஃபென்டர் இருக்கட்டும், கூடுதலாக ஓர் இலவசத்தையும் போட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். கூடுதலாக வராது, டிஃபென்டருக்குப் பதிலாகத்தான் வரும். வந்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஒரு விற்பனைக்காரர். ‘உங்கள் லேப்டாப் மந்தமாக இருக்கிறது, சரி செய்யவா?’, ‘உங்கள் இருப்பிடம் எல்லோருக்கும் தெரிகிறது, மறைக்கவா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சரி என்று தொட்டால் பணம் கட்டும் பக்கம் திறக்கும். சிவப்புப் பெட்டியிலிருந்து தப்பிக்க நினைத்த உங்களுக்கு ஆரஞ்சுப் பெட்டி வந்து சேரும். கம்பெனி நடத்த அவர்களுக்கும் பணம் வேண்டும்தானே, அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு ஊரறிந்த ஒரு கதை உண்டு. இலவச ஆன்டிவைரஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் அவாஸ்ட், தன் பயனாளிகள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் அதை அம்பலப்படுத்தியதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டும், இனி விளம்பரத்துக்காக அந்த மாதிரி விவரத்தை விற்கக் கூடாது என்று சொன்னது. வேவு பார்ப்பவர்களைத் தடுப்பதாகச் சொன்ன மென்பொருளே வேவு பார்த்திருக்கிறது. இன்று அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் எல்லாமே ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பெனியின் கையில் இருக்கின்றன. ‘ஏவிஜி சரியில்லை, அவாஸ்ட் போடுங்கக்கா’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இலவசத்தில் எனக்குப் பிடித்தவையும் உண்டு. எப்போதும் ஓடாமல், கூப்பிட்டால் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஸ்கேனர்கள். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் ஒன்று, மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு இன்னொன்று. இவற்றோடு, டிஃபென்டருக்குள்ளேயே ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே தேடும் என்பதால், ஒளிந்திருப்பது தப்புவது கஷ்டம். சந்தேகம் வந்தால் இவற்றைக் கூப்பிடுங்கள், போதும்.

பேங்க் விஷயத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. ‘பென்ஷன் நின்றுவிடும், உடனே விவரம் தாருங்கள்’ என்று வரும் லிங்க்கைத் தொட்டு ஓடிபியை நீங்களே கொடுத்தால், எந்த ஆன்டிவைரஸும் உங்கள் கையைப் பிடிக்காது, இலவசமானாலும் சரி, காசு கொடுத்ததானாலும் சரி.

கேள்வி: பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஏஜென்ட் நான். ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. எடைக் கணக்கு, விவசாயிகளுக்குக் கொடுத்த அட்வான்ஸ், எல்லாம் அதில்தான். பென் டிரைவைப் போட்டால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகிறது. இலவச ஆன்டிவைரஸ் போட்டும் போகவில்லை. கணக்கு சாஃப்ட்வேர் கிராக் செய்தது (லைசென்ஸ் இல்லாமல் பூட்டை உடைத்த பதிப்பு), அதைப் போடும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். அதனால் ஏதாவது இருக்குமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: இருக்கும் அண்ணா. கேள்வியின் கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். கூடலூர்க்காரரிடம் இதை விளக்க வேண்டியதில்லை: சோலார் வேலியை ஆஃப் செய்துவிட்டுப் பலாப்பழத்தை முற்றத்தில் வைத்தால் யானை வரத்தான் செய்யும். கிராக்கைத் தயாரிப்பவர் ஏன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

முதலில் பென் டிரைவ். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. வைரஸ் அவற்றை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும். அந்த ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ‘டார்கெட்’ என்ற கட்டத்தில் உங்கள் ஃபோல்டரின் பெயர் மட்டும் இருக்காது, அதற்கு முன்னால் ஏதோ ஒரு நிரலை ஓட்டச் சொல்லும் நீளமான கட்டளை இருக்கும். நீங்கள் டபுள் கிளிக் செய்கிற ஒவ்வொரு முறையும் முதலில் அது ஓடிவிட்டு, அப்புறம்தான் உங்கள் ஃபோல்டர் திறக்கிறது. அதனால்தான் ‘எல்லாம் திறக்கிறதே’ என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

பென் டிரைவை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, கம்ப்யூட்டர் திரும்பவும் ஒட்டவிடும். அதனால் வரிசை முக்கியம். முதலில் கம்ப்யூட்டரில் ஆஃப்லைன் ஸ்கேன். சுத்தமானதும் பென் டிரைவைச் செருகி, எதையும் திறக்காமல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன். கடைசியில் கமாண்ட் பிராம்ப்டில் ‘அட்ரிப்’ என்ற கட்டளை கொடுத்து மறைந்திருப்பதை வெளியே எடுக்க வேண்டும். அதை அடிக்கும்போது டிரைவின் எழுத்தை மாற்றிப் போட்டால் வேறு குழப்பம் வரும் என்பதால், இந்தக் கடைசிப் படியைத் தெரிந்த ஆளிடம் விடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இப்போது கிராக். பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் சிபியுவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அவரும் இலை ஏஜென்ட்தான். எல்லா எக்செல் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் சம்பந்தமில்லாத நாலு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி, 490. ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் சொல்லப்படும் ரேன்சம்வேர் அது, அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். கிராக், கீஜென் (போலி லைசென்ஸ் எண் தயாரிக்கும் நிரல்) இவற்றோடு சேர்ந்து வருவதுதான் அதன் வழக்கம். சிலவற்றுக்கு ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் இலவசமாகச் சாவி கிடைக்கும். அவருடையதற்குக் கிடைக்கவில்லை. விவசாயிகள் தங்கள் நோட்டில் குறித்து வைத்திருந்த எடைக் கணக்கை வாங்கித் திரும்ப டைப் செய்தார்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஆன்டிவைரஸே இல்லை. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். வாரக் கடைசியில் கணக்கு முடித்ததும் அதில் ஒரு பிரதி எடுத்து, வயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். வயரைக் கழற்றுவதுதான் முக்கியம், செருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கணக்கு சாஃப்ட்வேரை லைசென்ஸோடு வாங்குங்கள். முடியாது என்றால் லிப்ரேஆபீஸ் இலவசம், அதில் கணக்குத் தாள் போட்டுக்கொள்ளலாம். டிஃபென்டரில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்தால் தெரியாத நிரல் எதுவும் உங்கள் டாக்குமென்ட்ஸை மாற்ற முடியாது. அது தானாக ஆன் ஆகி வராது, நீங்கள்தான் போட வேண்டும். ஆரம்பத்தில் உங்கள் சொந்த சாஃப்ட்வேரையும் சில நேரம் தடுக்கும், அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து ‘விண்டோஸ் பேக்கப்’பை ஆன் செய்து பதிவு செய்துகொண்டால், கட்டணம் இல்லாமல் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். டிஃபென்டருக்கு 2028 வரை வைரஸ் பட்டியல் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அப்டேட்தான் அடைக்கும், ஆன்டிவைரஸ் அடைக்காது. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை என்ற ரேன்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைப்பு அனுப்பியிருந்தது. மாட்டியது அதைப் போடாமல் விட்டவர்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர், நாலு பேர் கை வைக்கிறார்கள், கேட்டால் போன் எடுத்துப் பேச ஆள் வேண்டும் என்றால், காசு கொடுத்து வாங்குவதில் தப்பில்லை. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் என்று நம் நாட்டுக் கம்பெனிகளே இருக்கின்றன. ஆனால் அது ஹார்டு டிஸ்க் வாங்கிய பிறகு.

கேள்வி: ஹோம்ஸ்டே நடத்துகிறோம். புக்கிங் பார்க்கும்போது திரை முழுக்க நீலமாகி, ‘உங்கள் கம்ப்யூட்டர் லாக் செய்யப்பட்டது’ என்று ஒரு பெண் குரல் கத்துகிறது. மைக்ரோசாஃப்ட் நம்பர் என்று ஒன்றும் வருகிறது. தங்கியிருந்த விருந்தினர்கள் பயந்துவிட்டார்கள். ஆன்டிவைரஸ் இல்லாததால்தானா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: இல்லை, அது வைரஸே இல்லை. வெறும் ஒரு வெப் பக்கம், திரையை நிரப்பிக்கொண்டு நாடகம் ஆடுகிறது. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே கிடையாது. எஸ்கேப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும், மூடிவிடலாம். மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையே மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வலது மூலையில் குட்டிக் குட்டியாக ‘5 வைரஸ் உள்ளது’ என்று வருவது இன்னொரு வகை. எப்போதோ ஏதோ ஒரு தளம் ‘அலவ்’ கேட்டபோது அழுத்தியிருப்பீர்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் வரை போய், அனுமதித்த பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். அன்றைக்கே அமைதி.

அந்த நம்பருக்குப் பேசி, அவர்கள் சொன்ன சாஃப்ட்வேரைப் போட்டு, பணமும் கட்டிவிட்டீர்கள் என்றால் மட்டும்தான் அவசரம். நெட்டைத் துண்டித்துவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு.

கேள்வி: அக்கா, அண்ணன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அரசு லேப்டாப் என்னிடம் இருக்கிறது. 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. எந்த இலவச ஆன்டிவைரஸ் லேசாக இருக்கும்?
– கல்லூரி மாணவி, மஞ்சூர்

பதில்: எதையும் போடாதே தங்கச்சி, அது தாங்காது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது, குரோமும் 2023-இல் கைவிட்டுவிட்டது. ஆன்டிவைரஸ் மேல் ஆன்டிவைரஸ் போட்டாலும் அது பேங்க் பார்க்கவோ ஃபீஸ் கட்டவோ தகுந்த மெஷின் ஆகாது.

அந்த லேப்டாப்களில் பல, விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்த்தே வந்தவை. ஆன் செய்யும்போது இரண்டு பெயர் காட்டினால், இரண்டாவதை இதுவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இப்போது அதுவும் பழசாகியிருக்கும். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றிப் போட்டுப் பார். 2 ஜிபியில் சுமாராக நடக்கும், தமிழ் டைப்பிங் உண்டு, அசைன்மென்ட் எழுத லிப்ரேஆபீஸ் கூடவே வருகிறது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு சின்ன எஸ்எஸ்டி போட்டால் இன்னும் நன்றாக ஓடும். உன்னிடம் இருக்கும் காசுக்கு அதுதான் சரியான செலவு. போட்டோக்களை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடு, மின்ட் போடும்போது எல்லாம் அழியும்.

கேள்வி: மழைக்காலம் முழுக்க மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்துகிறது, திரை வரவில்லை. இன்னொன்று ஆன் ஆகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்கிறது. வைரஸ் உள்ளே போய்விட்டதா?
– ஒரு வாசகர், ஊட்டி

பதில்: முதலாவதில் போயிருப்பது ஈரம். பவரை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ‘டிக்’ என்று இரண்டு பக்கமும் பூட்டும்வரை திரும்பப் பொருத்துங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். இரண்டாவதில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள், பல வருடம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டுத் தேதியைச் சரி செய்யுங்கள், தளங்கள் திறக்கும். இனி ஆவணியோ ஆடியோ, வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.